30-30 கேம்ஷாஃப்டை விட்டுவிட்டீர்களே
செவர்லேயின் கமேரோ இசட்/28 காரில் இருந்த 302 கன அங்குல இன்ஜினை ‘வெறும் 290 குதிரைத்திறன்’ என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்தது எனக்கு மனசு ஆறவில்லை. செவர்லேயின் 327 இன்ஜினிலிருந்து 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 283 இன்ஜினிலிருந்து 3 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), இரண்டையும் சேர்த்ததே அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் நிற்கத்தான். ஸ்ட்ரோக் குட்டை, அதனால் 7000 ஆர்பிஎம்மிலும் அசராது. அப்புறம் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் அந்த ‘30-30’ கேம்ஷாஃப்ட்: இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுக்கும் 0.030 அங்குல இடைவெளி வைப்பார்கள், பெயர் வந்தது அதனால்தான், ஐடிலில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுகையில்) கேட்கும் டக்டக் சத்தமும் அதனால்தான். ‘மவுஸ்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட செவர்லே ஸ்மால் பிளாக் குடும்பத்தில் எனக்கு இதுதான் முதலிடம். 1968, 1969 இரண்டு வருடமும் பந்தய ஓட்டுநர் மார்க் டோனஹ்யூ இந்த இசட்/28-ஐ ஓட்டித்தான் செவர்லேவுக்கு டிரான்ஸ்-ஆம் பட்டம் வாங்கிக் கொடுத்தார், அதையாவது கட்டுரையில் சேருங்கள்.