வீடியோவுக்கு முன்னால் கேள்வி வரட்டும்

இணையவழிப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடியோவுக்கும் ஸ்லைடுக்கும் செலவிடும் யோசனையில் பாதியையாவது, மாணவர் அந்த வாரம் தானாக என்ன செய்து பார்க்கப் போகிறார் என்பதற்குக் கொடுங்கள்.

2017-இல் வந்த, இந்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடத்துக்கு வீடியோ, படிப்பதற்கான குறிப்புகள், விவாத மேடை, தன்மதிப்பீடு என்று நான்கு பகுதிகள். நல்ல அமைப்புதான். ஆனால் உழைப்பெல்லாம் வீடியோவுக்கே போய்விடுகிறது. தன்மதிப்பீடு என்று வருவது பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்விகள். அந்தத் தளத்தில் ஐஐடிகள் முதலான நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் திட்டத்தின் 12 வாரப் பாடங்களில் சிறந்த 8 அசைன்மென்டுகளுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அந்த 25-க்கான விடைகள் வாராவாரம் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றுகின்றன. பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? விடையை மட்டும் கேட்டால் விடையைத்தான் தேடுவார்கள்.

ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். வீடியோவைப் பார்த்து முடித்ததும் 'புரிந்துவிட்டது' என்று தோன்றுவதை நம்ப முடியாது.

பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் முழு நிரலையும் கொடுத்து, ஓட்டுவதற்கு முன்பே என்ன வெளியீடு வரும் என்று எழுதச் சொல்லலாம். அப்புறம் ஓட்டிப் பார்க்கட்டும். தப்பாகியிருந்தால் ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். வீடியோ அதற்குப் பிறகு. அடுத்த வாரம் இரண்டு வரிகளை விட்டுவிட்டு நிரலைக் கொடுக்கலாம். கடைசி வாரங்களில் கணக்கை மட்டும் கொடுத்தால் போதும், நிரலை முழுதும் மாணவரே எழுதட்டும்.

இப்படி உதவியைக் குறைப்பது படிப்படியாகத்தான் நடக்க வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம் எடுத்ததும் 'நீயே தேடிப் படி' என்பது கைவிடுவதுதான். நிரல் தப்பானால் கணினி காட்டும் பிழைச்செய்தியைக் கண்டு அந்தப் பிள்ளை பயந்து மூடிவிடும். கடைசி வரியை முதலில் படி, பிழையின் வகை அங்கேதான் இருக்கும், பிறகு வரி எண்ணைப் பார் என்று தமிழில் ஒருமுறை காட்டிக் கொடுத்தால் அடுத்த பிழையைத் தானே பிடிக்கும்.

ஆயிரக்கணக்கானோர் எழுதுவதை யார் திருத்துவது என்பீர்கள். சரி, நியாயமான கேள்வி. சமர்ப்பித்த பிறகு மாதிரி விடையைத் திறந்துவிடுங்கள். தன் விடை எங்கே, ஏன் மாறுகிறது என்று மாணவரே குறிக்கட்டும். எழுதி முடித்தவருக்கு, சரியோ தப்போ, அந்த 25-இல் ஒரு பங்கு கொடுங்கள்.