விற்பதற்கு முதல் ஒருக்கால் கதையுங்கள்

மூன்று மாதத்துக்கு முதல், ஒரு ஞாயிறு காலை, என் மச்சானுக்கு இலங்கையில் எங்கள் ஊரான மன்னாரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அவன் நோர்வேயில் இருக்கிறான், நான் கனடாவில், ஸ்காபுரோவில். எடுத்தவர் தன்னைத் தரகர் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெடியன் மாதிரித்தான் கதைத்தாராம். சுகம் விசாரித்து, பிள்ளைகளின் படிப்பைக் கேட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணை, உங்கட பனங்காணி சும்மாதானே கிடக்கு. நீங்கள் இனி இங்க வந்து இருக்கவா போறீங்கள்?"

சொன்ன விலை ஊரில் போகிற விலையைவிட மூன்று மடங்கு. யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, "கொழும்பு ஆக்கள்" என்றதோடு சரி. மச்சான் அன்றைக்கே எனக்கு எடுத்தான். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் பல்கலைக்கழகம் போகப் போகிறாள். விற்றால் என்ன என்று அவன் யோசித்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் 'சும்மா கிடக்கு' என்ற சொல் இன்றுவரை மனதைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தக் காணி அம்மப்பாவின் காணி. நடுவில் ஒரு துரவு இருக்கிறது. பத்தடி ஆழம்கூட இருக்காது, கட்டுக் கிடையாது, மணலைத் தோண்டி விட்டதுதான். பக்கத்தில் நின்றால் கடல் இரைகிறது கேட்கும். ஆனாலும் அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. சின்ன வயதில் பனையோலைப் பட்டையால் அள்ளிக் குடித்திருக்கிறேன். மன்னார்த் தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத் தங்கும். அதைத்தான் பரம்பரை பரம்பரையாகக் குடித்தோம். மணல்தான் எங்கள் தண்ணீர்த் தொட்டி. இப்போது அந்த மணலுக்குள் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது என்று துளை போட்டுப் பார்த்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கம்பனிக்கு அது மூலப்பொருள். தோண்டத் தொடங்கினால் துரவுக்குள் கடல் வர எத்தனை நாளாகும்? இதுதான் 'சும்மா கிடக்கிற' காணி.

காற்றாலை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தீவின் தெற்குக் கரையில் 2020 கடைசியில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அப்போது நாங்கள் வெளிநாட்டிலிருந்து படம் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், நானும்தான். சுத்தமான மின்சாரம், ஊருக்கு வளர்ச்சி என்று நினைத்தேன். பிறகுதான் கரையில் இருக்கிறவர்களின் கதை வரத் தொடங்கியது. மீன்பாடு மாறிவிட்டது என்றார்கள். காற்றாலைக்குப் போட்ட பாதைகள் மழை வெள்ளம் வடிந்து கடலுக்குப் போகிற வழியை மறிக்கின்றன, முன்பு ஒரு நாளில் வடிந்த தண்ணீர் இப்போது கிழமைக்கணக்கில் வீட்டுக்குள் நிற்கிறது என்றார்கள். சைபீரியாப் பக்கமிருந்து வருகிற பறவைகள் இறங்குகிற வழியும் இதுதான். பக்கத்தில் வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிட்ட ஈரநிலம்.

காற்றாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் நாடு இருட்டில் கிடந்ததை மறக்கவில்லை. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வழியில் எடுப்பது அரசாங்கத்தின் இலக்கு, அதுவும் நல்ல இலக்குத்தான். ஆனால் கோபுரங்களைப் பெருநிலப்பரப்பில் நாட்ட இடம் இருக்கிறது. 30 கிலோமீற்றர்கூட நீளமில்லாத, கடல் மட்டத்தோடு படுத்துக் கிடக்கிற ஒரு தீவில் கோபுரத்துக்கு மேல் கோபுரம் நாட்டி, மீதி மணலையும் அள்ளினால், சனம் எங்கே இருக்கும்?

இந்தியாவின் அதானி நிறுவனம் 250 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தோடு வந்தது. கொழும்பிலுள்ள சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போனார்கள். சிங்கள நண்பர்கள் பலர் பறவைக்காக நின்றார்கள், நன்றியோடு சொல்கிறேன். 2025 பெப்ரவரியில் கம்பனி விலகியபோது எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே வெற்றிக் கொண்டாட்டம். நான் அப்போதே ஒரு குழுவில் எழுதினேன்: புதிய அரசாங்கம் மின்சார விலையைத் திரும்பப் பேசப் போனதால்தான் அவர்கள் விலகினார்கள், நாங்கள் துரத்தியதால் அல்ல. சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் வேறு திட்டங்களுக்கான காற்றாலைப் பாகங்கள் வேறு லொறிகளில் வந்தன.

அந்த ஆகஸ்டில் மன்னார்ச் சனம் இறங்கி வீதியில் நின்றது. குருமார், மீனவர், கைக்குழந்தையோடு பெண்கள், தமிழரும் முஸ்லிமும் சேர்ந்து. ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டம்பர் கடைசியில் பொலிஸ் காவலோடு இரவில் பாகங்கள் உள்ளே போயின. மறித்து நின்றவர்கள் அடிபட்டார்கள். நாங்கள் இங்கே அதை நேரலையில் பார்த்தோம், பகிர்ந்தோம், கண்ணீர்விடும் முகம் போட்டோம்.

சரி, அதற்கு மேல் என்ன செய்தோம்? எங்களால்தான் செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

வீதியில் நிற்கிறவர்களின் கையில் இருப்பது அவர்களின் உடம்பு மட்டும்தான். காணி உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், எத்தனையோ எங்களிடம் இருக்கின்றன. லண்டனில், பாரிசில், ரொறன்ரோவில், மெல்பேர்னில், அலுமாரித் தட்டுகளில். எங்கள் உறுதியில் எல்லை எழுதியிருக்கிற விதத்தைப் பாருங்கள்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் காணி, மேற்கே இன்னாரின் காணி, தெற்கே கடல். பனை எத்தனை என்றுகூட எண்ணி எழுதியிருக்கிறது. அம்மப்பாவுக்கு ஏழு பிள்ளைகள். இன்றைக்குப் பங்காளிகள் 19 பேர், ஐந்து நாட்டில். யாரும் பிரித்துக்கொள்ளவில்லை.

இதில் இருக்கிற ஆபத்து பலருக்குத் தெரியாது. பிரிபடாத காணியில் ஒருவர் தன் பங்கை மட்டும் விற்க இலங்கைச் சட்டம் விடுகிறது. வாங்கினவர் அன்றைக்கே பங்காளி ஆகிவிடுவார், நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கும் போடலாம். மற்ற 18 பேரும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்தால் யார் போய் வழக்கில் நிற்பது? ஆக, ஒரு மச்சானைப் பிடித்தால் போதும், முழுக் காணிக்கும் கதவு திறந்துவிடும். இன்னொன்று, யாராவது உங்கள் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் தங்கள் காணியாக ஆண்டால், அதை வைத்தே உரிமை கேட்கலாம். சும்மா விட்டுவைப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

அதனால் முதல் வேலை கையெழுத்து மனு இல்லை. பங்காளிகளைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு குடும்பமும் தன் காணிக்கு ஒரு குழு வைக்கட்டும். உறுதியின் பிரதி எல்லோரிடமும் இருக்கட்டும். அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் செயற்படுகிற அதிகாரம்) கொடுப்பதென்றால், விற்கும் அதிகாரம் இல்லாமல், காணியைப் பார்த்துக்கொள்ள மட்டும், ஊரில் இருக்கிற நம்பிக்கையான ஒருவருக்குக் கொடுங்கள். யாருக்காவது காசு முடை என்றால் முதலில் பங்காளிகளிடம் கேட்கட்டும். 19 பேர் சேர்ந்தால் ஒருவரின் பங்கை வாங்குவது பெரிய காரியம் இல்லை. மச்சானுக்கு அதைத்தான் சொன்னேன்.

'புலம்பெயர்ந்தோர்' என்றதும் கனடா, லண்டன் என்று மட்டும் நினைக்கிறோம். 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். தீவிலுள்ள எருக்கலம்பிட்டிச் சனம் கையில் அகப்பட்டதோடு படகேறியது. அப்போது எங்களில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் ஊரை விடாமல் பிடிப்பது எப்படி என்று அவர்களைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். போய்த் தங்கின புத்தளத்தில் இத்தனை வருடம் இருந்தும் அவர்களில் எத்தனையோ பேர் வாக்கை மன்னாரிலேயே வைத்திருக்கிறார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தல் அன்று வாக்குப் போட மன்னார் நோக்கிப் போன அவர்களின் பேருந்துகள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்குப் பிறகும் போய் வாக்குப் போட்டார்கள். எங்கள் காணிக் குழுக்களில் அவர்கள் இல்லையென்றால் அது பாதி ஊர்தான். எத்தனையோ உறுதிகளில் கிழக்கு எல்லை தமிழர் காணி, மேற்கு எல்லை முஸ்லிம் காணி.

கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் அகதி முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் எங்கள் சனம் இருக்கிறது. நாங்களும் 1990இல் படகில் போய் மண்டபத்தில் இரண்டு வருடம் இருந்தவர்கள்தான். அங்கேயிருந்து வெளிநாடு வந்தவர்கள் அங்கேயே தங்கினவர்களுக்கு எடுப்பது குறைந்துவிட்டது. அவர்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை, உறுதிக்கு எங்கே போவார்கள்? காணிப் பதிவுக் கந்தோரில் தேடி அவர்களின் உறுதிகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க நாங்கள் காசு சேர்த்தால், கொடி பிடிக்கிறதைவிடப் பெரிய வேலை.

ஆகஸ்டில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லோரும்தானே போகிறோம். இந்த முறை ஊரில் ஒரு நாள் கூடுதலாக நில்லுங்கள். உறுதியைக் கொண்டு போங்கள். எல்லைக்காரரைக் கூட்டிக்கொண்டு காணியைச் சுற்றி நடங்கள், வேலி விழுந்த இடத்தில் கதியால் (வேலித் தடி) போடுங்கள். போராட்டத்தில் நின்ற மீனவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் அறிவுரை சொல்லப் போக வேண்டாம்.

எங்கள் 19 பேரில் 16 பேரைப் பிடித்துவிட்டேன். 15 பேர் விற்பதில்லை என்று எழுத்தில் தந்துவிட்டார்கள், மச்சானும் சேர்த்து. ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மாமாவின் மூத்த மகன் ஜேர்மனியில் எங்கே என்று தெரியவில்லை. சின்னம்மாவின் இரண்டு பிள்ளைகள் திருச்சிப் பக்கம் முகாமில் இருப்பதாகக் கேள்வி. யாருக்காவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், இன்று இரவே எடுக்கிறேன்.