நீலக் கண்ணை மறைக்கும் கம்பெனி

டியூன் படங்களை மட்டும் பார்த்தவர்களோடு பேசும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. மணல்புழு பற்றிப் பேசுவார்கள், கதாநாயகன் பால் அட்ரைடீஸ் நல்லவனா கெட்டவனா என்று பேசுவார்கள், அவன் குடும்பத்தின் எதிரிகளான ஹார்கோன்னன்களின் மொட்டைத் தலை பற்றிக்கூடப் பேசுவார்கள், ஆனால் அந்தக் கதையில் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் கப்பல் ஓட்டும் ஒரே கம்பெனியான ஸ்பேசிங் கில்ட் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2021 படத்தில் ஹெல்மெட் மாட்டிய சிலர் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள், 2024 படத்தில் அதுவும் இல்லை என்றே சொல்லலாம். நாவலிலோ அந்தப் பேரரசின் குடுமியே கில்டின் கையில்தான். (முடிவைச் சொல்லப் போகிறேன். புத்தகம் வந்தது 1965-இல், இதற்கு மேலும் ஸ்பாய்லர் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.)

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிராங்க் ஹெர்பர்ட் உருவாக்கிய உலகத்தில் கம்ப்யூட்டருக்குத் தடை. எப்போதோ நடந்த ஒரு புனிதப் போருக்குப் பிறகு, மனிதனைப் போல யோசிக்கும் இயந்திரத்தை யாரும் செய்யக்கூடாது என்று மதமே சொல்லிவிட்டது. அப்படியானால் ஒளியை மிஞ்சும் கப்பலை யார் ஓட்டுவது? ஸ்பைஸ் என்ற போதைப் பொருளை உட்கொண்டு, வரப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டியே பார்த்து, ஆபத்தில்லாத பாதையைத் தேர்ந்தெடுக்கும் வழிகாட்டிகள் ஓட்டுகிறார்கள். அந்த வழிகாட்டிகள் கில்டிடம் மட்டும்தான் இருக்கிறார்கள். ஸ்பைஸ் அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தில் மட்டும்தான் கிடைக்கிறது. இந்த இரண்டு 'மட்டும்'களுக்கு நடுவில்தான் மொத்தக் கதையும்.

இப்படி ஒரு ஏகபோகம் எவ்வளவு பயங்கரமானது என்று உணர, நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரத்துக்குப் போக ஒளிக்கே 4.2 ஆண்டுகள் ஆகும். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். அதனால் வேகமான கப்பல் ஒருவனிடம் மட்டும் இருந்தால் அவன் வெறும் போக்குவரத்துக் கம்பெனி இல்லை. தபாலும் அவன்தான், செய்தியும் அவன்தான், வங்கியும் அவன்தான், யார் யார் மீது படையெடுக்கலாம் என்று முடிவு செய்வதும் அவன்தான். நாவலின் ஆரம்பத்திலேயே அட்ரைடீஸ் குடும்பத் தலைவரான டியூக் தன் மகன் பாலிடம் சொல்கிறார்: நம் கப்பல்கள் எல்லாம் கில்டின் பெரிய கப்பலுக்குள் ஒரு மூலையில் ஏற்றப்படும், அதே கப்பலுக்குள் நம் எதிரியின் கப்பல்களும் இருக்கலாம், ஆனாலும் யாரும் யாரையும் தொட மாட்டார்கள். தொட்டால் அடுத்த முறை கில்ட் ஏற்றாது, அவ்வளவுதான். அப்புறம் ஹார்கோன்னன் படையெடுப்பு. அட்ரைடீஸ் பக்கம் இருந்த பெரிய கணக்குப்புலி தவறவிட்டது எதிரியின் வீரத்தை இல்லை. இவ்வளவு படையை ஏற்றி வர இவ்வளவு வாடகையை எவனாவது கொடுப்பானா என்று நினைத்துவிட்டார். கொடுத்தான். அந்தக் கடனை அடைக்கத்தான் பிறகு அராக்கிஸைப் பிழிகிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: இவ்வளவு பெரிய ரகசியத்தை எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும், ஒருத்தன் திருடிக்கொண்டு ஓட மாட்டானா? நம் ஆட்கள் எழுதும் அறிவியல் புனைகதைகளிலும் பெரும்பாலும் இதே கோளாறுதான். ஒரு மர்மக் கம்பெனி, ஒரு மேதை முதலாளி, பெட்டகத்துக்குள் ஒரு ஃபார்முலா, அதைத் திருட ஒரு கதாநாயகன். மன்னிக்கவும், எனக்கு இது அலுத்துவிட்டது. ஃபார்முலா என்பது பெரும்பாலும் திருட வேண்டிய பொருளே இல்லை. 1994-இல் மிகேல் அல்குபியர் என்ற மெக்சிகோ இயற்பியலாளர், கப்பலின் முன்னால் வெளியைச் சுருக்கிப் பின்னால் விரித்தால் ஒளியை முந்தலாம் என்று கணக்குப் போட்டு ஆய்விதழில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்து என்ன செய்வது, அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதை அந்த அளவுக்கு எங்கே வாங்குவது என்று யாருக்கும் தெரியாது.

என் கட்சி இதுதான்: ஏகபோகக் கம்பெனி எதை விற்கிறது, எதைப் பூட்டி வைத்திருக்கிறது என்று பார்ப்பதை விட, அது எதை வாங்குகிறது என்று பாருங்கள். அதன் கழுத்து அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு உலகத்தில் இருக்கிற மிகக் கெட்டியான தொழில்நுட்ப ஏகபோகம் எது என்று கேட்டால் நான் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் கம்பெனியைச் சொல்வேன். மிக நுண்ணிய சிப்புகளை அச்சிடத் தேவையான, 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் இயந்திரத்தை வணிகரீதியில் செய்து விற்பது உலகத்திலேயே அவர்கள் ஒருவர்தான். அதில் உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50 ஆயிரம் என்ற கணக்கில் விழ, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து ஒளியை வரவழைக்கிறார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, கில்டைப் போல முகத்தை மூடிக்கொண்டு திரிவதில்லை, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களே வீடியோ போட்டு விளக்குகிறார்கள். இருந்தும் மற்றவர்களால் முடியவில்லை. ஆனால் அந்தக் கம்பெனி எதை வாங்குகிறது? கண்ணாடிகளை ஜெர்மனியின் ஸைஸ் தருகிறது, லேசரை இன்னொரு ஜெர்மன் கம்பெனி தருகிறது, ஒளி மூலத்தின் தொழில்நுட்பம் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. சீனாவுக்கு அந்த இயந்திரத்தை விற்காதே என்று அமெரிக்காவால் அழுத்தம் கொடுக்க முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கடைசி விஷயமும் ஒரு காரணம்.

இதை விட எனக்குப் பிடித்த உதாரணம் பழசு. 19-ஆம் நூற்றாண்டின் 'ஒளி வேகம்' என்பது கடலடித் தந்திதான். கப்பலில் வாரக்கணக்கில் போகும் செய்தி தந்தியில் நிமிடக்கணக்கில் போனது. 1870-இல் லண்டனையும் பம்பாயையும் கடலடிக் கம்பி இணைத்தது, அடுத்த ஆண்டே நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இதன் பின்னால் இருந்தவர் ஜான் பெண்டர் என்ற மான்செஸ்டர் துணி வியாபாரி, அவருடைய ஈஸ்டர்ன் டெலிகிராப் கம்பெனி பாதி உலகத்தின் செய்தியைச் சுமந்தது. கம்பி போடுவது எப்படி என்பது ரகசியமே இல்லை. ஆனால் கடல் நீர் உள்ளே போகாமல் தாமிரக் கம்பியைச் சுற்ற அப்போது பெரும்பாலும் ஒரே பொருளைத்தான் நம்பியிருந்தார்கள்: கட்டாபெர்ச்சா, மலாய் தீவுகளின் காட்டு மரத்துப் பால். (ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் பல்லுக்குள் அனேகமாக இப்போதும் அதுதான் இருக்கிறது.) மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள், நூற்றாண்டு முடிவதற்குள் பல காடுகளில் அந்த மரம் மிஞ்சவில்லை. அதன் வியாபாரம் சிங்கப்பூர் வழியாக நடந்தது, சிங்கப்பூர் பிரிட்டன் கையில். அராக்கிஸ் ஞாபகம் வருகிறதா?

அதன் பலனை 1914-இல் அறுவடை செய்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள், ஆகஸ்ட் 5 அதிகாலையில், ஒரு பிரிட்டிஷ் கேபிள் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கம்பிகளை அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஜெர்மனி தன் ரகசியச் செய்தியைக்கூட அடுத்தவன் கம்பியில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. 1917-இல், அமெரிக்காவுக்கு எதிராகத் தன்னோடு சேரும்படி ஜெர்மனி மெக்சிகோவுக்கு அனுப்பிய ஸிம்மர்மன் தந்தி அமெரிக்கத் தூதரகத்தின் கம்பி வழியாக லண்டனைக் கடந்தபோது பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துப் படித்துவிட்டார்கள், அமெரிக்கா போருக்குள் வந்ததில் அதற்குப் பங்கு உண்டு. கில்டின் கப்பலில் ஏறுகிறவன் நிலைமை இதுதான்.

சரி, கில்டுக்கு வருவோம். வழிகாட்டிகளை யாரும் பார்த்ததில்லை, கில்டின் சொந்த ஏஜென்ட்கள்கூடப் பார்த்ததில்லை என்கிறார் டியூக். உருவமே மாறிப்போனதால் ஒளிகிறார்களா என்று பால் கேட்கிறான், யாருக்குத் தெரியும் என்று பதில். வாசகனும் அதையே நம்பிக்கொண்டு போகிறான், ஏதோ பயங்கரமான சக்தியை மறைக்கிறார்கள் என்று. கடைசிக் காட்சியில் கில்டின் பிரதிநிதி ஒருவனுக்குக் கண்ணிலிருந்து கான்டாக்ட் லென்ஸ் விழுந்துவிடுகிறது. உள்ளே முழு நீலக் கண். ஸ்பைஸுக்கு அடிமையானவனின் கண். அவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்தது தங்கள் பலத்தை இல்லை, நாங்கள் இந்தப் பொருள் இல்லாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாது என்பதைத்தான். ஸ்பைஸை மொத்தமாக அழித்துவிடுவேன் என்று பால் சொன்னதும் பேரரசரையே அடக்கி வைத்திருந்த கம்பெனி வாயைப் பொத்திக்கொள்கிறது. விண்கப்பல் ஒன்றுகூட இல்லாத பாலைவனத்து ஃப்ரெமன் மக்களுக்கு இது முன்பே அரைகுறையாகத் தெரியும். தங்கள் கிரகத்துக்கு மேலே உளவுச் செயற்கைக்கோள் வராமல் இருக்க அவர்கள் கில்டுக்கு லஞ்சம் கொடுத்தது ஸ்பைஸில்தான்.

கில்ட்காரர்கள் ஏன் அராக்கிஸை நேரடியாகப் பிடிக்கவில்லை என்று பலர் கேட்பார்கள். ஹெர்பர்ட் இதற்குச் சொல்லும் காரணம்தான் எனக்கு நாவலிலேயே மிகவும் பிடித்த இடம். வருவதைப் பார்க்கத் தெரிந்தவன் எப்போதும் ஆபத்தில்லாத பாதையையே தேர்ந்தெடுப்பான். ஆட்சியைக் கையில் எடுத்தால் கொஞ்ச நாள் ஜொலித்துவிட்டு அழிய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது, அதனால் ஒட்டுண்ணியாகவே இருந்து, இந்த உடம்பு செத்தால் இன்னொன்று கிடைக்கும் என்று நாளை ஓட்டினார்கள். பாதுகாப்பான வழியைத் தேடித்தேடியே முட்டுச்சந்துக்குள் போய் நின்றார்கள்.

அப்புறம் என்ன ஆகும்? தந்திக் கம்பெனிகளை யாரும் கம்பி போட்டுத் தோற்கடிக்கவில்லை. 1920-களில் சிற்றலை வானொலி வந்தது, கம்பியே வேண்டாம், கட்டாபெர்ச்சா வேண்டவே வேண்டாம். வருமானம் சரிந்து, 1929-இல் கேபிளையும் வயர்லெஸ்ஸையும் ஒரே கம்பெனியாக இணைக்கும்படி ஆனது. டியூன் வரிசையிலும் பின்னால் வரும் நாவல்களில் இக்ஸ் கிரகத்துக்காரர்கள் வழிகாட்டி வேலையைச் செய்யும் இயந்திரத்தைச் செய்துவிடுகிறார்கள். கில்டின் ரகசியத்தைத் திருடவில்லை, அது தேவையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அடுத்த படம் 1969-இல் வந்த டியூன் மெசையாவை வைத்து என்பதால் எனக்கு ஓர் எதிர்பார்ப்பு. அதில் எட்ரிக் என்ற வழிகாட்டி, வாயு நிரம்பிய தொட்டிக்குள் மிதந்துகொண்டே நேரில் வந்து பேசுகிறான். எதிர்காலத்தைப் பார்க்கும் ஒருவன் பக்கத்தில் இருந்தால் அதே சக்தி உள்ள இன்னொருவன் கண்ணுக்கு அங்கே நடக்கும் சதி தெரியாது, அதனால் பாலுக்கு எதிரான கூட்டத்துக்கு அவனே திரை. பேரரசனாகிவிட்ட பாலைக் கப்பலை வைத்து மிரட்ட முடியாமல் போன கம்பெனி, கடைசியில் மறைத்துக் கொடுப்பதையே வேலையாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொட்டியை மட்டும் படத்தில் வெட்டினார்கள் என்றால் இங்கேயே வந்து இதை விட நீளமாக ஒரு பதிவு போடுவேன், சொல்லிவிட்டேன்.