கலஹா பேருந்து கடந்து செல்லும் பாறை

இலங்கையில் கண்டிக்கு அருகே, கலஹாவிலிருந்து பேராதனைக்குப் பேருந்தில் போய்வந்த ஆண்டுகளில் ஹிந்தகலையை எத்தனை முறை கடந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அங்குள்ள பௌத்த விகாரையின் பாறையில் ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓவியத்தின் எச்சம் இருப்பதும், குகையில் தங்கியிருந்த புத்தரைக் காண இந்திரன் வந்த காட்சியாக அதை அறிஞர்கள் விளக்குவதும் முப்பது வயதுக்குப் பிறகே எனக்குத் தெரியவந்தன. பள்ளியில் எவரும் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல எவருக்கும் தெரியாது. அது விகாரைக்குரியது, நமக்கென்ன என்ற எண்ணமும் நம்மிடம் இருந்தது. இந்த எண்ணம் மாறாமல் எந்தப் பாறை ஓவியத்தையும் காக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஓவியம் எப்படி அழிகிறது என்பது அது வரையப்பட்ட விதத்தைப் பொறுத்தது. சிகிரியா மலைக்கோட்டையில் களிமண்ணோடு உமியும் நாரும் சேர்த்துப் பாறையில் பூசி, மேலே சுண்ணம் தடவிய பிறகே வண்ணம் தீட்டினார்கள். பாறைக்கும் பூச்சுக்கும் நடுவே நீர் கசிந்தால் பூச்சு உப்பி உதிர்ந்துவிடும். இலங்கையின் பழங்குடியினரான வேடர் வரைந்தவை அப்படியல்ல. சாம்பலை எச்சிலில் குழைத்துப் பெண்கள் விரலால் வரைந்ததை 1911இல் வெளியான தங்கள் நூலில் மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் பதிவுசெய்துள்ளனர். வெறும் பாறைமீது இருக்கும் அந்த மனித உருவங்களையும் விலங்கு உருவங்களையும் ஓர் ஈரக் கை துடைத்துவிடும். படம் தெளிவாக விழட்டும் என்று தண்ணீர் தெளிப்பவர்களும், மங்கிய கோட்டின்மேல் வெண்கட்டியால் இழுப்பவர்களும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை. ஆனால் இழப்பு இழப்புதான்.

நீரைத் தடுக்க முன்னோர் கண்ட வழி என்னை இன்றும் வியக்கவைக்கிறது. பழைய குகைகளின் நெற்றியில், பாறையை நீளவாக்கில் வெட்டிய ஒரு விளிம்பைக் காணலாம். சிங்களத்தில் அதைக் கட்டாரம் என்பார்கள். பாறைமேல் வழிந்துவரும் மழைநீர் அந்த விளிம்பில் அறுபட்டு, உள்ளே புகாமல் வெளியே சொட்டும். ஈராயிரம் ஆண்டு பழைமையான பிராமி எழுத்துகள் பல இடங்களில் அதன் கீழேயே உள்ளன. பாசியும் சருகும் அந்த வெட்டை அடைத்தாலோ, ஒரு மரவேர் அதைத் தாண்டி இறங்கினாலோ, நீர் வேரைப் பற்றிக்கொண்டே உள்ளே வந்துவிடும். ஆகவே தொல்பொருள் திணைக்களத்தின் மேற்பார்வையில், பருவமழைக்கு முன் அந்த விளிம்பைத் துப்புரவு செய்வது, எந்த இரும்பு வேலியையும்விட முதன்மையான பணி.

சட்டம் இல்லாமல் இல்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சிகிரியாவில் கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகேற்றிய பழஞ்சுவரில் பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு 2015இல் இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் சனாதிபதியின் மன்னிப்பால் விடுதலை கிடைத்தது. அவர் செய்தது தவறுதான். ஆனால் தண்டிப்பதற்கு முன் சொல்ல வேண்டும். எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்பதைத் தமிழிலும், சிறு குகை வரைக்கும், பிழையில்லாமல் எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்து மேல்மலையில், கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கு ஒதுங்கும் ஒரு பாறைக்குடை உண்டு. தேநீர் காய்ச்சிக் காய்ச்சி அதன் உட்சுவர் கரியேறிக் கிடக்கிறது. அதில் ஏதேனும் வரைந்திருக்கிறதா என்று எவரும் ஆராய்ந்ததில்லை. சென்ற மாதம் அங்கே போய், புகை சாம்பல் கோடுகளை எப்படி மூடும் என்று விளக்கினேன். மூத்த அம்மா ஒருவர் சுவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன தம்பி, அடுப்புக் கல்ல அங்கிட்டு வச்சிக்கிறோம்" என்றார். அன்றே மூன்று கல்லையும் வெளியே நகர்த்திவிட்டார்கள்.