முன்னால் ஒரு புள்ளி

காயத்ரி: ஃப்ளீட்வுட் வாக்கர் என்று ஒரு ஆட்டக்காரர், மாமா. 1884இல் பெரிய லீக்குகளில் 42 மேட்ச் ஆடினார், அதோடு சரி.

மாமா: மொத்தமே 42 மேட்ச்தானா? அப்புறம் என்ன, ஃபார்ம் போயிருக்கும், தூக்கியிருப்பார்கள்.

காயத்ரி: சராசரி இருநூற்று அறுபத்து மூன்று, மாமா.

மாமா: என்னது! பிராட்மேனே 99.94தானே!

காயத்ரி: முன்னால் ஒரு புள்ளி இருக்கிறது. .263.

மாமா: ஒரு ரன்கூடத் தேறவில்லையா?

காயத்ரி: இது பேஸ்பால். நாலு தடவை மட்டையோடு நின்றால் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேலே ஹிட். 1884இல் அது லீக் சராசரியைவிட மேல். அதுவும் வாக்கர் கேட்சர்.

மாமா: எல்லோரும்தானே கேட்ச் பிடிப்பார்கள்?

காயத்ரி: நம்ம கீப்பர் மாதிரி. அப்போது தடித்த கிளவுஸ் கிடையாது, பாதி நாள் வெறுங்கை. என்ன பந்து வேண்டும் என்று இவர் சைகை காட்டுவார், பிட்ச்சர் அதைப் பார்த்துப் போட வேண்டும். வாக்கரின் டொலீடோ அணியின் பிட்ச்சர் டோனி முல்லேன் பார்க்கவே மாட்டார்.

மாமா: கண்ணில் கோளாறா?

காயத்ரி: வாக்கர் கறுப்பர். அதுதான் கோளாறு. தன்னோடு ஆடியவர்களிலேயே சிறந்த கேட்சர் அவர்தான், ஆனாலும் அவர் சைகையைப் பார்க்காமல்தான் போட்டேன் என்று முல்லேனே பின்னாளில் சொன்னார்.

மாமா: அப்படியென்றால் விரல் போயிருக்கும். விரல் போனால் ஃபார்ம் போகும்.

காயத்ரி: விலா எலும்பே உடைந்தது. சீசன் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள்.

மாமா: நான் சொன்னேனா இல்லையா, ஃபார்ம்! திறமை இருந்தால் எவனாலும் தடுக்க முடியாதும்மா.

(தனக்குப் பிரமோஷன் வராததற்கு மட்டும் மாமா இன்றுவரை மேனேஜரின் மச்சானைத்தான் திட்டுவார்.)

காயத்ரி: 1883இல் சிகாகோ கேப்டன் ஆன்சன், வாக்கர் இறங்கினால் நான் ஆட மாட்டேன் என்று நின்றார். டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்றதும் ஆடினார்.

மாமா: பரவாயில்லையே, காசு என்றால் நிறம் தெரியவில்லை.

காயத்ரி: 1884இலேயே வாக்கரின் தம்பி வெல்டியும் ஐந்து மேட்ச் ஆடினார். அப்புறம் அந்தப் பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பர் இறங்கியது 1947இல், ஜாக்கி ராபின்சன். நடுவில் 63 வருஷம். மொத்தப் பேருக்குமா மாமா ஃபார்ம் போனது?

(மாமா டீயை ஆற்றோ ஆற்றென்று ஆற்றுகிறார். அது ஆறிப் பத்து நிமிஷம் ஆகிறது.)

மாமா: முதலில் இருநூற்று அறுபத்து மூன்று என்று சொன்னாய் பார், அதோடு நிறுத்தியிருக்கலாம்.