எரேமியா 29:11 குறித்து ஒரு திருத்தம்

“மெய்யான விசுவாசிக்கு உபத்திரவம் வராது, வந்தால் அது விசுவாசக் குறைவே” என்று எழுதிய ஒரு சகோதரர், அதற்கு ஆதாரமாக எரேமியா 29:11-ஐக் காட்டியிருக்கிறார். “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை” என்று தேவன் வாக்குக்கொடுக்கும் அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருகிறது. 70 வருஷம் நிறைவேறிய பின்பே திரும்பிவருவீர்கள் என்று அதற்கு முந்தைய வசனம் சொல்வதால், அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்நிய மண்ணிலேயே கண்மூடியிருப்பார்கள். ஆயினும் வாக்குத்தத்தம் அவர்களுக்கும்தான் சொல்லப்பட்டது.

அப்போஸ்தலனாகிய பவுலுக்கு விசுவாசம் குறைவாக இருந்ததா? ஒன்றுகுறைய நாற்பதடி ஐந்து முறை, மிலாறுகளால் (பிரம்புகளால்) அடி மூன்று முறை, கப்பற்சேதம் மூன்று முறை என்று 2 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் அவரே கணக்குச் சொல்கிறார். லீஸ்திரா என்ற ஊரில் கல்லெறியுண்டு, மரித்தார் என்று எண்ணப்பட்டு ஊருக்கு வெளியே இழுத்துப் போடப்பட்ட அவர், பிறகு அதே ஊருக்குத் திரும்பிச் சென்று, அநேக உபத்திரவங்களின் வழியாகவே தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்க வேண்டும் என்று சீஷர்களைத் திடப்படுத்தினார் (அப்போஸ்தலர் 14).

நம் தவறுகளால் வரும் எதிர்ப்பையும் விசுவாசத்துக்காகச் சுமக்கும் சிலுவை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது உண்மை. 1 பேதுரு 4:15 அதைத் தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் விசுவாசத்தின் பொருட்டு வேலையையோ குடும்பத்தின் ஆதரவையோ இழந்து நிற்கும் ஒருவர், சகோதரரே, உங்கள் வரியைப் படித்தால், பட்ட காயத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பார். தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள்.