பாக்கிக்காரருக்கு டியரா?

மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னால் தனலட்சுமி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் பாண்டி, நாலாய் மடித்த தாளோடு வருகிறார்.

பாண்டி: அக்கா, சிங்கப்பூர்க்காரர் 40 கிலோ மல்லி வாங்கிட்டு ரெண்டு மாசமா காசு அனுப்பல. நானே இங்கிலீஷ்ல எழுதிட்டேன். டைப் அடிச்சு மெயில்ல விட்ருங்க.

தனலட்சுமி: குடு. ‘ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் பேமெண்ட்...’ ஏன் பாண்டி, பேமெண்ட்டால காய்ச்சலா?

பாண்டி: பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர் இப்படித்தானக்கா எழுதுனோம். ஃபீவர் இருந்த எடத்துல பேமெண்ட்டப் போட்டேன்.

தனலட்சுமி: சஃபரிங் ஃப்ரம்னா அடுத்து வர்றது நோவு. நீ எழுதுனதுக்கு, காசு வந்ததாலதான் படுத்துக் கெடக்கேன்னு அர்த்தம். பாவம்னு இனிமே அனுப்பவே மாட்டாரு. நேரா சொல்லு: ‘வீ ஹேவ் நாட் ரிசீவ்டு பேமெண்ட் ஃபார் தி 40 கேஜி ஆஃப் ஜாஸ்மின் சென்ட் ஆன் 4 மார்ச்.’ என்ன சரக்கு, எம்புட்டு, என்னைக்குப் போச்சு, எல்லாம் ஒரே வரியில வந்துருச்சா?

பாண்டி: மதுரை மல்லிக்கு 2013லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சுன்னு ஒரு வரி?

தனலட்சுமி: அது ஆர்டர் கேக்கும்போது. இது வாடிப்போன பூவுக்குக் காசு கேக்குற லெட்டர். அடுத்து, ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’.

பாண்டி: அது கெத்தா இருக்கும்க்கா.

தனலட்சுமி: நம்ம மனுவுல வர்ற ‘ஆவன செய்யவும்’தான் அது. ஆவன செய்யச் சொல்லிக் குடுத்த மனுவுல எத்தனை உனக்கு ஆயிருக்கு?

பாண்டி: ஒண்ணும் ஆகல.

தனலட்சுமி: என்ன செய்யணும், எப்பக்குள்ள செய்யணும், அதை எழுது. ‘ப்ளீஸ் ட்ரான்ஸ்ஃபர் தி அமவுண்ட்’... இங்க ‘டில் 20 மே’ன்னு போட்டிருக்க. 20ஆம் தேதி வரைக்கும் அனுப்பிக்கிட்டே இருங்கன்னு ஆயிரும்.

பாண்டி: அது நல்லாத்தானக்கா இருக்கு!

தனலட்சுமி: ஆசைதான். ‘பை 20 மே’ன்னு போட்டாத்தான் அந்தத் தேதிக்குள்ளன்னு அர்த்தம். சரி, அவர் பேரு என்ன?

பாண்டி: டான் வெய் மிங். ‘டியர் மிஸ்டர் மிங்’னு போடுவோமா?

தனலட்சுமி: சீனப் பேர்ல குடும்பப் பேருதான் முன்னால வரும். மிஸ்டருக்குப் பின்னால அதைத்தான் போடணும். ‘டியர் மிஸ்டர் டான்’.

பாண்டி: காசு தராத ஆளுக்கு டான்னு பட்டம் வேறயா? அதுலயும் டியராம்!

தனலட்சுமி: கல்யாணப் பத்திரிகையில மொகம் தெரியாத ஆளுக்கும் ‘அன்புடையீர்’னு அடிக்கிறோம்ல, அம்புட்டுத்தான் டியரு. இப்ப முடிவுக்கு வா. ‘தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’. பாக்கி வச்சவருக்கு நீ கீழ்ப்படிஞ்ச ஊழியனா?

பாண்டி: ஹெட்மாஸ்டருக்கு அப்படித்தானக்கா...

தனலட்சுமி: வெள்ளைக்காரன் ஆபீஸ்ல ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்’னு முடிச்ச காலத்து மிச்சம் அது. தேங்கிங் யூவும் அப்படித்தான். ‘தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ன்னு ஒரே வாக்கியமா ஓடும். நடுவுல இருந்த ஐ ரிமெய்ன் உதுந்துபோய், இது மட்டும் அந்தரத்துல தொங்குது. ‘தேங்க் யூ’ன்னு போட்டு முற்றுப்புள்ளி வையி.

பாண்டி: அப்ப முடிவு யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி.

தனலட்சுமி: அதுவும் இல்ல. தலையப் பாத்துத்தான் வாலு. பேரு தெரியாம ‘டியர் சார்’னு ஆரம்பிச்சா ஃபெய்த்ஃபுல்லி. மிஸ்டர் டான்னு பேரு சொல்லிட்டா சின்சியர்லி. பிரிட்டிஷ் வழக்கம் அது. அமெரிக்காக்காரன் பேரு தெரியாட்டியும் சின்சியர்லின்னு போட்டுட்டுப் போயிருவான்.

பாண்டி: ரெண்டும் ‘உண்மையுள்ள’தானக்கா?

தனலட்சுமி: அர்த்தம் பாத்து மாட்டாத, ஜோடி பாத்து மாட்டு. நாளைக்கு அவரே ‘ஹாய் பாண்டி’ன்னு பதில் போட்டா, நீயும் பெஸ்ட் ரிகார்ட்ஸ்னு எறங்கிக்கலாம். இந்தா, நீயே அடி.

பாண்டி ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறார்.

தனலட்சுமி: யுவர்ஸ்ல எஸ்ஸுக்கு முன்னால என்ன கொம்பு?

பாண்டி: அப்பாஸ்ட்ரஃபி அக்கா. ராஜா’ஸ் டெய்லர்ஸ்னு போர்டுல இருக்கே.

தனலட்சுமி: ராஜாவுக்கு உண்டு, யுவர்ஸுக்குக் கெடையாது. ஒய் பெருசு, சின்சியர்லியில எஸ் சின்னது. அதுல ஆருக்கும் எல்லுக்கும் நடுவுல இருந்த ஈ எங்க?

பாண்டி: பறந்துருச்சுக்கா.

தனலட்சுமி: பிடிச்சு உள்ள போடு. கடைசியில ஒரு கமா. கீழ உன் பேரு, கடைப் பேரு, போன் நம்பர். ம்... அனுப்பு. இருபது ரூபா.

பாண்டி: சிங்கப்பூர்க் காசு வந்ததும் தாரேன்க்கா. யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி.

தனலட்சுமி: என் பேரு தெரியாதா உனக்கு? சின்சியர்லி. எடு இருபது ரூபாய.